கானகச் செடிகளைக் கற்றவர் – ஜானகி அம்மாள்

நுழையும் முன்

உழுது விதைத்து வளர்ப்பதைப் பயிர் என்றும், தானே முளைத்துத் தானே வளர்வதைக் காட்டுச்செடி என்றும் உலகம் பிரித்து வைத்திருக்கிறது. முன்னதற்கு வேலியும் நீரும் காவலும் உண்டு. பின்னதற்கு இவற்றுள் எதுவும் இல்லை. எனினும், இன்றைய பயிர்கள் அனைத்தும் ஒரு காலத்தில் காட்டுச்செடிகளின் வழித்தோன்றல்களாகப் பிறந்தவையே. இவ்வுண்மையை நுண்ணோக்கியின் வழியே ஆராய்ந்து, காட்டுச்செடிகளைக் கற்பதையும் காப்பதையும் வாழ்நாள் பணியாகக் கொண்ட அறிவியலாளர் ஒருவரின் வரலாறு இப்பாடமாக அமைகிறது.

வரப்போரத்து உறவினர்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த நிலம். அங்குள்ள ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழையே ஆண்டின் விளைச்சலை முடிவு செய்யும். கோடையில் கொல்லைகள் வெறுமையாகக் கிடக்கும்போதும் வண்டிப்பாதையின் ஓரத்தில் கண்டங்கத்தரி முள்ளோடு படர்ந்திருக்கும்; வேலியில் தூதுவளை கொடிவீசி நிற்கும். இருமலுக்கும் சளிக்கும் மருந்து தேடும் வேளையில்தான் அவற்றை மனிதர் நினைக்கின்றனர். மற்ற நாள்களில் அவை முட்செடிகள் மட்டுமே.

ஆனால், தாவரவியலின் கண்ணுக்கு அவை வேறாகத் தெரிகின்றன. தோட்டத்தில் நீர் பாய்ச்சி வளர்க்கப்படும் கத்தரியும், நீரின்றியே வாழக் கற்ற கண்டங்கத்தரியும், வேலியோரத் தூதுவளையும், சுண்டையும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. வறட்சியைத் தாங்கும் ஆற்றலும் நோயை எதிர்க்கும் வலிமையும் பெரும்பாலும் தோட்டத்துச் செடியிடம் இருப்பதில்லை; அதன் காட்டு உறவினரிடமே அவை தங்கியுள்ளன.

செடிகொடிகளை உற்றுநோக்கிப் பெயரிட்டு அறிவது தமிழ் மரபுக்குப் புதிதன்று. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 வகைப் பூக்களைப் பெயர் சுட்டி அடுக்கியிருக்கிறார். நிலத்தைப் பகுத்த பழந்தமிழர் ஒவ்வொரு திணைக்கும் உரிய மரத்தையும் பூவையும் கருப்பொருளாக வகுத்தனர். அந்த உற்றுநோக்கல், இருபதாம் நூற்றாண்டில் நுண்ணோக்கியின் துணையோடு செடியின் உயிரணுவுக்குள்ளும் நுழைந்தது. அப்பணியில் உலகம் போற்றும் இடத்தைப் பெற்றவர் ஜானகி அம்மாள்.

தலைச்சேரித் தோட்டம்

எடவலத்துக் கக்காட்டு ஜானகி அம்மாள் 1897ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 4ஆம் நாள் தலைச்சேரியில் பிறந்தார். இன்று கேரளத்தில் உள்ள அவ்வூர், அன்று சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தந்தையார் கிருஷ்ணன் துணை நீதிபதியாகப் பணியாற்றியவர். உடன்பிறந்தோர் பலர் நிறைந்த பெரிய குடும்பம் அது.

தந்தையார் நீதிமன்றப் பணியோடு இயற்கையையும் நேசித்தார். வீட்டைச் சுற்றிப் பல்வகைச் செடிகளைத் தோட்டமாக வளர்த்தார். வட மலபாரின் பறவைகளைக் கூர்ந்து நோக்கிக் குறிப்புகள் எழுதினார். ஒரு செடியைப் பார்ப்பது வேறு, அதனைக் குறித்து வைப்பது வேறு என்னும் பழக்கம் ஜானகிக்கு அத்தோட்டத்திலேயே வாய்த்தது.

பெண்கள் எழுதப் படிக்கக் கற்பதே அரிதாக இருந்த காலம் அது. தமக்கையர் ஒருவர் பின் ஒருவராக மணம் முடித்துச் சென்றனர். ஜானகியோ கல்வியைத் தேர்ந்தார். இறுதிவரை மணவாழ்வை நாடாமல் ஆய்வையே துணையாகக் கொண்டார்.

சென்னையும் மிச்சிகனும்

தலைச்சேரியில் பள்ளிக்கல்வியை முடித்த ஜானகி, சென்னைக்கு வந்து இராணி மேரி கல்லூரியில் பயின்றார். பின்னர் மாநிலக் கல்லூரியில் சேர்ந்து, 1921இல் தாவரவியலில் சிறப்புப் பட்டம் பெற்றார். அதன்பின் சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியப் பணியை மேற்கொண்டார்.

ஆசிய நாடுகளின் பெண்கள் உயர்கல்வி பெறுவதற்காக அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் பார்பர் உதவித்தொகையை வழங்கிவந்தது. அத்தொகையைப் பெற்று 1924இல் ஜானகி அங்குச் சென்றார். முதுகலைப் பட்டத்தோடு திரும்பிச் சிறிது காலம் மீண்டும் சென்னையில் கற்பித்தார். பின்னர் மறுபடியும் மிச்சிகன் சென்று 1931இல் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் தாவரவியலில் அப்பட்டத்தைப் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி என்று அவர் போற்றப்படுகிறார்.

அவர் தேர்ந்த துறை செல்லியல். ஒவ்வோர் உயிரணுவின் உட்கருவிலும் மரபுப் பண்புகளைத் தாங்கிய இழைகள் உள்ளன. இவை குரோமோசோம்கள் எனப்படும். வேர்நுனியைச் சாயமேற்றி நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், பிரியும் உயிரணுக்களில் இவ்விழைகளை எண்ணலாம். எண்ணுவது எளிய செயல் போலத் தோன்றும். ஆனால், அவை மிகச் சிறியவை. ஒன்றன்மேல் ஒன்று கிடப்பவை. கண்ணும் கையும் பொறுமையும் ஒன்றுசேர்ந்தால்தான் சரியான எண் கிடைக்கும். அவ்வெண்ணைக் கொண்டு எச்செடி எதற்கு உறவு, எது எதிலிருந்து பிறந்தது என்று அறிய முடியும்.

இந்தியா திரும்பிய ஜானகி அம்மாள், 1932 முதல் 1934 வரை திருவனந்தபுரம் மகாராஜா அறிவியல் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராகப் பணியாற்றினார். பின்னர் அவர் சென்ற இடம் கோயம்புத்தூர்.

கரும்பும் நாணலும்

அதியமானின் முன்னோர் கரும்பைத் தமிழகத்திற்குக் கொண்டுவந்தனர் என்று புறநானூறு சொல்கிறது. அத்துணைத் தொன்மையான பயிர் கரும்பு. எனினும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியா தன் சர்க்கரைத் தேவைக்கு ஜாவாத் தீவை எதிர்நோக்கியிருந்தது. வட இந்தியாவில் விளைந்த கரும்பு மெலிந்தது, சாறு குறைந்தது. நியூகினிப் பகுதியில் தோன்றிய தடித்த கரும்போ சாறும் இனிப்பும் மிக்கது. ஆனால் வட இந்தியக் குளிரையும் வறட்சியையும் நோயையும் தாங்காதது.

இந்நிலையை மாற்றவே 1912இல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. கரும்பு அங்கு நன்கு பூக்கும் என்பதே அவ்விடத்தைத் தேர்ந்தமைக்குக் காரணம். பூத்தால்தான் இரு வகைகளைக் கலக்க முடியும். பார்பர், வெங்கட்ராமன் ஆகிய அறிஞர்கள் தடித்த கரும்போடு ஆற்றங்கரையில் தானே வளரும் நாணலைக் கலந்தனர். நாணலில் இனிப்பு மிகக் குறைவு. ஆயினும் வெள்ளத்திலும் வறட்சியிலும் அழியாத உறுதி அதற்குண்டு. அக்கலப்பில் பிறந்த கோ 205 என்னும் வகை 1918இல் வட இந்திய வயல்களுக்குச் சென்றது. எவரும் பயிரிடாத புல் ஒன்று, நாட்டின் சர்க்கரைத் தொழிலுக்குத் தோள் கொடுத்தது.

1934இல் அந்நிலையத்தில் மரபியலாளராகச் சேர்ந்த ஜானகி அம்மாளின் முன் இருந்தவை, அக்கலப்பைப் பற்றிய விடை காணாத வினாக்கள். கலப்பினத்துக்குள் உண்மையில் நிகழ்வது யாது? எந்தக் காட்டு வகை கரும்புக்கு மிக நெருங்கியது? அவர் நாணலின் பல வகைகளைத் திரட்டிக் குரோமோசோம்களை எண்ணத் தொடங்கினார். தடித்த கரும்பில் அவை 80. நாணலிலோ இடத்திற்கு இடம் எண்ணிக்கை மாறியது. நாற்பது முதல் 128 வரை வேறுபடும் நாணல் வகைகள் உள்ளன என்பது இன்று அறியப்பட்ட செய்தி. வெளித்தோற்றத்தில் ஒரே புல்லாகத் தெரிவது, உள்ளே பல்வேறு மரபுச் செல்வங்களைத் தாங்கியிருந்தது. ஓர் ஆற்றங்கரை நாணல் அழிந்தால் மற்றொன்று அதன் இடத்தை நிரப்பும் என்று எண்ணுவது பிழை என்பதை இவ்வாய்வுகள் உணர்த்தின.

கரும்பின் உறவு எல்லையையும் அவர் சோதித்தார். கரும்போடு மக்காச்சோளத்தையும் வேறு புல்லினங்களையும் கலந்து ஆய்ந்தார். கரும்புக்கும் மூங்கிலுக்கும் இடையிலான கலப்பினங்கள் குறித்து 1938இல் ஆய்வுரை வெளியிட்டார். சர். சி. வி. இராமன் நிறுவிய இந்திய அறிவியல் கழகம் 1935இல் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது.

புகழ் வந்தபோதும் பாதை எளிதாக இல்லை. ஆண்களே நிறைந்திருந்த ஆய்வுலகில், பின்தங்கியதாகக் கருதப்பட்ட சமூகத்தில் பிறந்த, மணமாகாத ஒரு பெண் தனக்குரிய மதிப்பைப் பெறுவது கடினமாகவே இருந்தது. அவர் அதற்கு அளித்த மறுமொழி, அடுத்த செடியின் கணக்கே.

போர்க்காலத்தில் ஓர் ஆய்வு

1939ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பன்னாட்டு மரபியல் மாநாடு கூடியது. அதில் பங்கேற்க ஜானகி அம்மாள் சென்றிருந்தபோது இரண்டாம் உலகப்போர் மூண்டது. அவர் இங்கிலாந்திலேயே தங்கினார். லண்டனுக்கு அருகில் மெர்ட்டனில் இருந்த ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் 1940 முதல் 1945 வரை செல்லியலாளராகப் பணியாற்றினார்.

அவ்வாண்டுகளில் லண்டன் மீது குண்டுகள் விழுந்தன. இரவில் வானூர்திகளின் ஓசை கேட்டதும் கட்டிலுக்கு அடியில் ஒதுங்குவதும், காலையில் ஆய்வகத்தில் சிதறிய கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கிவிட்டு நுண்ணோக்கியின் முன் அமர்வதும் அவரது வழக்கமாயின. இந்தியாவிலிருந்து அணிற்குட்டி ஒன்றைச் சேலை மடிப்பில் மறைத்து அவர் எடுத்துச் சென்றதாகவும், அது அந்நிறுவனத்திலேயே வளர்ந்ததாகவும் உறவினர் நினைவுகூர்வர். அச்சமும் தனிமையும் சூழ்ந்த நாள்களில் தாயகத்தின் சிற்றுயிர் ஒன்று அவருக்குத் துணையாக இருந்தது.

இப்பணியின் பயனாக, சி. டி. டார்லிங்டன் என்னும் அறிஞரோடு இணைந்து அவர் உருவாக்கிய பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் விவரத் தொகுப்பு 1945இல் நூலாக வெளிவந்தது. உலகின் பயிர்ச்செடிகளையும் அவற்றின் உறவுச் செடிகளையும் அவற்றின் குரோமோசோம் எண்களோடு அந்நூல் வரிசைப்படுத்தியது. ஒரு பயிர் எந்நிலத்தில் தோன்றி எவ்வழியே உலகெங்கும் பரவியது என்பதை ஆராய்வோருக்கு அது வழிகாட்டியாயிற்று.

1946 முதல் 1951 வரை வைஸ்லியில் உள்ள அரசத் தோட்டக்கலைக் கழகத்தின் தோட்டத்தில் அவர் பணியாற்றினார். அக்கழகத்தில் ஊதியம் பெற்றுப் பணிபுரிந்த முதல் பெண் அறிவியலாளர் அவரே. கால்ச்சிசின் என்னும் வேதிப்பொருளைக் கொண்டு செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கையைப் பெருக்கும் ஆய்வை மக்னோலியா மரங்களில் நிகழ்த்தினார். அங்கு அவர் வளர்த்தவற்றுள் வெண்மலர் பூக்கும் மக்னோலியா வகை ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

தெரிந்து தெளிவோம்

பொதுவாக உயிரணுவில் குரோமோசோம்கள் இரு தொகுதிகளாக இருக்கும். ஒன்று தந்தைவழி, மற்றொன்று தாய்வழி. சில செடிகளில் இத்தொகுதிகள் மூன்று, நான்கு, அதற்கு மேலும் பெருகுவதுண்டு. இந்நிலை பன்மயம் எனப்படும். பன்மயம் பெற்ற செடிகள் பல நேரங்களில் தடித்த இலையும் பெரிய மலரும் கொண்டிருக்கும். கரும்பு, கோதுமை, பருத்தியின் சில இனங்கள் ஆகியவை பன்மயத் தாவரங்களே. இயற்கையில் புதிய இனங்கள் தோன்றும் வழிகளுள் பன்மயமும் ஒன்று.

தாயகம் அழைத்தது

விடுதலை பெற்ற இந்தியாவிற்குத் தன் செடிவளத்தை முழுமையாக அறியும் தேவை இருந்தது. இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 1890இலேயே தொடங்கப்பட்டது எனினும், காலப்போக்கில் செயல் குன்றியிருந்தது. பிரதமர் ஜவகர்லால் நேருவின் அழைப்பை ஏற்று 1951இல் தாயகம் திரும்பிய ஜானகி அம்மாள், 1952இல் அவ்வாய்வகத்தைச் சீரமைக்கும் சிறப்பு அலுவலராகப் பொறுப்பேற்றார்.

அவர் மனத்தில் தெளிவான நோக்கம் ஒன்று இருந்தது. ஆங்கிலேயர் காலத்தில் இந்தியக் காடுகளில் சேகரித்த செடிகளின் உலர் மாதிரிகள் பெருமளவில் லண்டனை அடுத்த கியூ தோட்டத்தில் சேர்ந்திருந்தன. தன் மண்ணின் செடியை அறிய இந்திய மாணவர் கடல் கடந்து செல்ல வேண்டிய நிலை அது. இந்நாட்டின் செடிகளை இந்நாட்டவரே தேடி, இந்நாட்டிலேயே தொகுத்து, இந்நாட்டு மாணவர் கையில் சேர்க்க வேண்டும் என அவர் விரும்பினார். ஆனால், அவர் எண்ணியவாறு மறுசீரமைப்பு முழுமையாக அமையவில்லை. தலைமைப் பொறுப்பும் மற்றோர் அறிஞரிடம் சென்றது. அது அவருக்கு ஆழ்ந்த வருத்தத்தைத் தந்தது. எனினும், அலகாபாத்தில் அமைந்த மையத் தாவரவியல் ஆய்வுக்கூடத்தின் இயக்குநராகவும், பின்னர் ஜம்முவில் உள்ள வட்டார ஆய்வகத்தின் சிறப்பு அலுவலராகவும் தம் பணியைத் தொடர்ந்தார்.

இமயமலையின் செடிகளை ஒப்பிட்டு அவர் கண்ட முடிவு குறிப்பிடத்தக்கது. குளிரும் வறட்சியும் மிக்க வடமேற்கு இமயத்தைவிட, குளிரும் ஈரமும் மிக்க வடகிழக்கு இமயத்தில் புதிய இனங்கள் மிகுதியாகத் தோன்றியுள்ளன. அதற்குப் பன்மயம் காரணமாகும் என்றார். சீன, மலேயச் செடியினங்கள் இந்தியச் செடியினங்களோடு சந்திக்கும் இடமும் அதுவே. அங்குக் காடு அழிந்தால், இனங்கள் பிறக்கும் தொட்டிலே அழியும் என்பது அம்முடிவின் உட்பொருள்.

எரிந்துபோன மரம்

செடிகளைத் தேடி நாடெங்கும் பயணம் செய்த காலத்தில் நேர்ந்த நிகழ்ச்சி ஒன்று அவரை உலுக்கியது. அன்றைய அசாமின் ஒரு பகுதியில் அரிய மக்னோலியா இனத்தைச் சேர்ந்த மரம் ஒன்றே ஒன்று எஞ்சியிருப்பதாக அறிந்தார். அதனைக் காண ஷில்லாங்கிலிருந்து 37 மைல் தொலைவு சென்றார். சென்றடைந்தபோது அம்மரம் அங்கு இல்லை. அது எரிக்கப்பட்டிருந்தது.

மரம் ஒன்று எரிவது காட்டுக்குப் புதிதன்று. ஆனால், அவ்வட்டாரத்தில் அவ்வினத்தின் கடைசி மரம் அது. அதன் பூவும் விதையும் அவற்றுக்குள் இருந்த மரபுச் செய்தியும் எவரும் படிக்கும் முன்னரே சாம்பலாயின. உணவு உற்பத்தியைப் பெருக்க வேண்டும் என்னும் வேகத்தில் காடுகள் விளைநிலங்களாக மாறிக்கொண்டிருந்த காலம் அது. பசியைப் போக்கப் பயிர் வேண்டும் என்பதைக் கரும்பு ஆய்வில் வாழ்ந்த அவர் நன்கு அறிவார். அதே பயிரை நாளை நோயிலிருந்து மீட்கக் காட்டு உறவினர் வேண்டும் என்பதையும் அறிவார். நாணல் இல்லாவிடில் கோயம்புத்தூர்க் கரும்பு இல்லை. எனவே, காட்டை அழித்துப் பயிர் வளர்ப்பது விதைநெல்லை உண்டு பசியாறுவதற்கு ஒப்பாகும் என்னும் தெளிவு அவர் பணியில் வலுப்பெற்றது. செடிகளைக் கற்றவர், செடிகளைக் காப்பவராகவும் மாறினார்.

காடறிந்தோர் அறிவு

1955இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில், புவியின் முகத்தை மனிதர் மாற்றிய வரலாற்றை ஆராயப் பல நாட்டு அறிஞர்கள் கூடினர். அக்கருத்தரங்கிற்கு அழைக்கப்பெற்ற ஒரே பெண் அறிஞர் ஜானகி அம்மாள். இந்தியாவின் தற்சார்பு வேளாண்மையைப் பற்றி அவர் உரையாற்றினார். தம் தேவைக்கு மட்டும் விளைவித்து வாழும் பழங்குடி மக்களின் வாழ்க்கையையும், அதில் பெண்களுக்கு இருந்த இடத்தையும் அறிவியல் அரங்கில் எடுத்துரைத்தார்.

எக்கிழங்கை எப்பருவத்தில் தோண்டலாம், எவ்விலை நஞ்சு, எவ்வேர் மருந்து என்பவற்றைக் காடு வாழ் மக்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்து வைத்துள்ளனர். செடிக்கும் மக்களுக்கும் உள்ள இவ்வுறவை ஆராயும் இனத் தாவரவியலில் அவர் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டார். வயநாட்டுப் பழங்குடியினர் பயன்படுத்தும் செடிகளை ஆராய்ந்தார். ஒரு செடி அழிவதற்கு முன்பே அதன் பெயரும் பயனும் மறைந்துவிடக்கூடும். அவற்றைச் சொல்ல வல்ல முதியவரின் மறைவோடு அவையும் போய்விடும். ஆகவே, செடியைச் சேகரிப்பதோடு அதனைப் பற்றிய மக்களின் அறிவையும் பதிவு செய்வது காப்புப் பணியின் ஒரு கூறு என்று அவர் கருதினார்.

மிச்சிகன் பல்கலைக்கழகம் 1956இல் அவருக்கு மதிப்புறு சட்ட முனைவர் பட்டம் அளித்தது. இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கிச் சிறப்பித்தது.

மதுரவாயல் ஆய்வகம்

ஓய்வுக்குரிய அகவையிலும் ஓய்வை நாடாத ஜானகி அம்மாள், சிறிது காலம் டிராம்பேயில் உள்ள அணு ஆராய்ச்சி மையத்தில் பணியாற்றினார். 1970இல் சென்னைக்கு வந்து, சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயர் ஆய்வு மையத்தின் மதிப்புறு அறிவியலாளரானார். சென்னையின் மேற்கு எல்லையில், மதுரவாயலில் இருந்த அம்மையத்தின் கள ஆய்வகமே அவருடைய இறுதிக்காலப் பணியிடமாயிற்று.

அங்கு மூலிகைகளைத் தோட்டமாக வளர்த்தார். கத்தரியின் பேரினம், ஊமத்தை, புதினா, எலுமிச்சைப்புல், வள்ளிக்கிழங்கு வகைகள் எனப் பலவற்றின் குரோமோசோம்களை வாழ்நாள் முழுவதும் எண்ணி ஆராய்ந்தார். அவற்றுள் பல, சிற்றூர்களின் வேலியிலும் புறம்போக்கிலும் கேட்பாரின்றி வளர்பவை. உலகப் புகழ்பெற்ற ஆய்வகங்களில் பழகிய கண்கள், ஊமத்தையையும் காட்டுக்கத்தரியையும் அதே கருத்தோடு நோக்கின. மஞ்சள் நிறச் சேலை, மிகக் குறைந்த உடைமைகள், காந்திய எளிமை என்பனவே அவரது அடையாளங்கள். தாம் வளர்த்த பூனைகளுக்கிடையே உள்ள நுண்ணிய வேறுபாடுகளையும் கூர்ந்து கண்டு குறிப்பவராக அவர் இருந்தார்.

அமைதிப் பள்ளத்தாக்கு

நீலகிரிக்குத் தெற்கே, பாலக்காட்டு மாவட்டத்தில் அமைந்துள்ளது அமைதிப் பள்ளத்தாக்கு. மனிதர் கை பெரிதும் படாத பசுமைமாறாக் காடு அது. சிங்கவால் குரங்குகளின் வாழிடம். 1847இலேயே இராபர்ட் வைட் என்னும் தாவரவியலாளர் அங்குச் செடிகளை ஆராய்ந்துள்ளார். அக்காட்டின் நடுவே பாயும் குந்திப்புழையின் குறுக்கே அணை கட்டி மின்சாரம் எடுக்கும் திட்டத்திற்கு 1973இல் ஒப்புதல் கிடைத்தது. அணை எழுந்தால் 8 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட காடு நீரில் மூழ்கும்.

மின்சாரம் வீடுகளுக்கு ஒளி தரும்; ஆலைகளுக்கு உயிர் தரும். அதனை வேண்டியவர்களின் தேவை பொய்யன்று. ஆயினும், மின்சாரத்தை வேறு வழியிலும் பெறலாம். இலட்சக்கணக்கான ஆண்டுகளாக உருவான காட்டை மீண்டும் உருவாக்க இயலாது என்று அறிவியலாளரும் ஆசிரியரும் கவிஞரும் குரல் எழுப்பினர். கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் ஊர்தோறும் மக்களிடம் அறிவியல் செய்திகளைக் கொண்டுசென்றது. கவிஞர் சுகதகுமாரி தம் எழுத்தால் மக்களின் உள்ளத்தைத் தொட்டார். தமிழகத்தைச் சேர்ந்த வேளாண் அறிவியலாளர் எம். எஸ். சுவாமிநாதன் அக்காட்டைக் காக்குமாறு பரிந்துரைத்தார்.

அப்போது எண்பது அகவையைக் கடந்திருந்த ஜானகி அம்மாள் அம்முயற்சியில் தம்மை இணைத்துக்கொண்டார். நாடறிந்த அறிவியலாளர் என்னும் தம் பெயரைக் காட்டின் பக்கம் நிறுத்தினார். அத்தோடு, தமக்கே உரிய வழியையும் தேர்ந்தார். நீரில் மூழ்கவிருந்த அக்காட்டு மரங்களின் குரோமோசோம்களைக் கணக்கெடுக்க முடிவு செய்தார். நடக்கவே துணை வேண்டும் அகவையில், மலைக்காட்டு மரங்களை எண்ணத் துணிந்தது அரிய செயல். எரிந்துபோன மக்னோலியாவைப் போல இன்னொரு காடும் எவரும் படிக்காமல் மறைந்துவிடக் கூடாது என்னும் உறுதியே அத்துணிவாக வெளிப்பட்டது.

நீண்ட விவாதங்களுக்குப் பிறகு 1983இல் அணைத்திட்டம் கைவிடப்பட்டது. 1984ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 7ஆம் நாள், மதுரவாயலில் தம் ஆய்வுப் பணிகளுக்கிடையே ஜானகி அம்மாள் காலமானார். அதே ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஒன்பது திங்கள் இடைவெளியில் அவர் அந்நாளைக் காணாமல் போனார். காடு நிலைத்தது.

எண்ணியவர் விட்டுச் சென்றது

வகைப்பாட்டியலில் சிறந்த பணி ஆற்றுவோருக்கு இந்திய அரசு 1999ஆம் ஆண்டு முதல் ஜானகி அம்மாள் பெயரால் விருது வழங்குவதாக அறிவித்தது. ஜம்முவில் உள்ள உலர் தாவரக் கூடம் ஒன்று அவர் பெயரைத் தாங்கியுள்ளது. கொடைக்கானலில் உருவாக்கப்பட்ட ரோஜா வகை ஒன்றுக்கும் அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது.

இவற்றினும் பெரிது அவர் காட்டிய வழி. ஒரு செடியைக் காக்க வேண்டுமானால் முதலில் அதனை அறிய வேண்டும். அறிவதற்கு அதன் அருகில் சென்று, குனிந்து, எண்ணி, எழுத வேண்டும். பெரிய ஆய்வகமும் அயல்நாட்டுக் கல்வியும் அவருக்கு வாய்த்தன. ஆனால், தலைச்சேரித் தோட்டத்தில் தொடங்கிய அப்பழக்கத்திற்கு அவை எதுவும் முன்தேவையாக இருக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த சீமைக்கருவேலம் வறண்ட நிலங்களையும் கண்மாய்களையும் மூடிவரும் இந்நாளில், அதன் நிழலில் ஒதுங்கி மறையும் ஆவாரையையும் தும்பையையும் கண்டங்கத்தரியையும் பெயர் சொல்லி அறிந்தவர் எத்தனை பேர் என்னும் வினா எழுகிறது. அவ்வினாவிற்கு விடை தேடுவோரிடம் ஜானகி அம்மாளின் பணி தொடர்கிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரின் வரப்பு, வேலி, கண்மாய்க்கரை, புறம்போக்கு ஆகிய இடங்களில் தானே வளரும் பத்துச் செடிகளைக் கண்டு, அவற்றின் வட்டார வழக்குப் பெயர், பூக்கும் காலம், பயன் ஆகியவற்றை அட்டவணைப்படுத்துக.

2. உங்கள் வீட்டிலோ தெருவிலோ உள்ள முதியவரிடம், முன்பு மிகுதியாகக் காணப்பட்டு இப்போது அரிதாகிவிட்ட செடிகளைப் பற்றிக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

3. மின்சாரத் தேவை, காடு காத்தல் ஆகிய இரண்டும் எதிரெதிராக நிற்கும்போது முடிவெடுப்பது எவ்வாறு என்பது குறித்து வகுப்பில் இரு குழுக்களாகப் பிரிந்து கலந்துரையாடுக.